பரண் கேசட்டுகள்: எதை முதலில் எடுப்பது, எப்படி எடுப்பது

கேள்வி சுருக்கமாக இதுதான். திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று. உள்ளே சுமார் 40 கேசட்டுகள், இரண்டு ஸ்பூல் டேப் (கேசட்டுக்கு முந்தைய, திறந்த சுருள் நாடா). கேசட்டுகள் எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் கடைசிவரை அப்பா ரேடியோவிலிருந்து பிடித்தவை. பாதி அட்டைகளில் இலங்கை வானொலி, திருச்சி, விவித் பாரதி என்று எழுதியிருக்கிறது. மீதியில் ஒன்றும் இல்லை. பாட்டுகளை மட்டும் வெட்டி எம்பி3 ஆக்க எந்த யுஎஸ்பி பிளேயர் வாங்கலாம் என்கிறார் கேட்டவர். கருவியைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தாலும் அவருக்குத் தெரியவேண்டியது வேறு: இந்த நாற்பதில் திரும்பக் கிடைக்காதது எது, அதைக் கெடுக்காமல் எப்படி வெளியே கொண்டுவருவது. அது தெரிந்துவிட்டால் கருவி தானாக முடிவாகிவிடும்.

பாட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தக் காலத் திரைப்பாடல்களில் பெரும்பாலானவை இதைவிடத் தெளிவாக இன்று எங்கும் கிடைக்கின்றன. கிடைக்காதவை, பாட்டுக்கு முன்னும் பின்னும் அறிவிப்பாளர் பேசியது, படம் வெளியான வாரத்து விளம்பரம், நேயர் பெயர்ப் பட்டியல், நிலைய அடையாளக் குரல், அப்புறம் உங்கள் வீட்டுச் சத்தம். அன்றாட நேரடி அறிவிப்புகளை நிலையங்கள் பொதுவாகச் சேமித்து வைக்கவில்லை. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் போன்ற இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் வானொலிக் குரல் இன்று கேட்கக் கிடைக்கிறதென்றால் அதில் பெரும்பங்கு யாரோ ஒருவர் வீட்டில் பதிவு பொத்தானை அழுத்தியதால்தான். ஆனால் பலரும் விளம்பரமும் பேச்சும் வரும்போது 'பாஸ்' பொத்தானை அழுத்திக் கேசட்டை மிச்சம் பிடித்தார்கள். அதனால் பாட்டு பாட்டாக நேர்த்தியாகப் பிடித்த கேசட்டின் மதிப்பு குறைவு. சோம்பல்பட்டு அரைமணி நேரம் ஓடவிட்ட கேசட்டுக்குத்தான் மதிப்பு.

வீட்டுச் சத்தம் எப்படி உள்ளே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரேடியோவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் இருந்த 'டூ இன் ஒன்' என்றால் உள்ளுக்குள்ளேயே ஒயர் வழியாகப் பதிவாகியிருக்கும். வீட்டுச் சத்தம் இருக்காது. தனி ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்து அதன் மைக்கில் பிடித்திருந்தால் கதை வேறு. அந்த ரெக்கார்டர்களில் பதிவு அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று உண்டு. பாட்டு ஓடும்போது அது அளவைக் குறைத்து வைத்திருக்கும். பாட்டு முடிந்து இரண்டு மூன்று விநாடி அமைதி வந்ததும் அளவை மெல்ல உயர்த்தும். அந்த இடைவெளியில் இரைச்சல் பொங்கி எழும். கூடவே ஃபேன் சுற்றுவது, கொல்லையில் காகம், "டேய், கதவச் சாத்துடா, ரெக்கார்டு ஆகுது" என்று யாரோ அடக்கிச் சொல்வது எல்லாம் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கும். பாட்டு முடிந்த இடத்தில் வெட்டினால் முதலில் போவது இதுதான். ஆகவே எடுப்பது ஒரு பக்கம் முழுவதையும், தொடக்கத்தின் 'டக்' சத்தத்திலிருந்து கடைசி இரைச்சல்வரை. வெட்டுவதெல்லாம் பிறகு, நகலில். பக்கத்தின் கடைசியைத் தவறாமல் கேளுங்கள்: பழைய பதிவின்மேல் புதிதாகப் பிடித்திருந்தால், புதியது முடிந்த இடத்தில் பழையது தலைகாட்டும்.

பதிவை மாற்ற ஓடும் நேரம் முழுவதும் ஆகும், குறுக்குவழி இல்லை. நாற்பதும் 90 நிமிடக் கேசட் என்றால் 60 மணி நேரம். அதனால் வரிசை வேண்டும். கையால் தேதி எழுதியவை, "வீட்டில்", "பாப்பா பேச்சு", "கல்யாணம்" என்று எழுதியவை முதலில். ஒன்றுமே எழுதாதவை அடுத்து. அட்டையில் பாட்டுப் பட்டியல் அழகாக எழுதியவை கடைசி. கடையில் காசு கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் இருந்தால் அவற்றை விட்டுவிடலாம்.

பிளேயரில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஜன்னல் வழியாகத் தெரியும் சுருளின் மேல் வெள்ளைப் பொடியோ பஞ்சு போன்ற புள்ளியோ இருந்தால் பூஞ்சை. அதைத் தனிப் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள். ஓட்டினால் ஹெட் (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனை) வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். பூஞ்சைக் கேசட்டைத் திறக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அடுத்து, கேசட்டின் திறந்த பக்கத்தில் நடுவே சின்னச் செம்புத் தகட்டின் மேல் ஒட்டிய கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி மங்கி ஏறி இறங்கும். பலர் டேப்பே கெட்டுவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான். பிறகு ஆறுபட்டைப் பென்சிலைத் துளையில் விட்டுச் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் பிளேயரில் போடாதீர்கள், டேப் நீளும் அல்லது அறும். கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் நாக்குகள் உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் அழுந்தினாலும் அழியாது.

கம்பளித் துண்டு விழுந்தது, ஓடு (கேசட்டின் பிளாஸ்டிக் கூடு) வளைந்தது, இறுகியது எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: டேப்பை வேறு ஓட்டுக்கு மாற்றுவது. ஐந்து சிறு திருகாணிகள் உள்ள நல்ல ஓட்டுக் கேசட் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும். இரண்டையும் மேசையில் படுக்கவைத்துத் திறந்து, முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுருளையும் சேர்த்து அப்படியே தூக்கி வைத்து, டேப்பை இரு மூலை உருளைகளின் வெளிப்புறமாகக் கொண்டுவந்து, வழுவழுப்பான மெல்லிய தாள்களை மேலும் கீழும் வைத்து மூடவேண்டும். திருகாணி இல்லாமல் ஒட்டிய ஓடு என்றால் இணைப்புக் கோட்டில் மெல்லிய கத்தியை விட்டுப் பிளக்கத்தான் வேண்டும். கத்தி உள்ளே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அறுந்த டேப்பை ஒட்டச் செல்லோடேப் உதவாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட் அகலத்துக்கான ஒட்டு நாடா தனியாகக் கிடைக்கிறது. ஹெட்டைத் தொடும் பக்கத்தில் ஒட்டக்கூடாது, முதுகில் ஒட்டவேண்டும்.

இப்போது கருவி. வாக்மேன் போல இருக்கும் மலிவான யுஎஸ்பி பிளேயர்கள் வேண்டாம். அவற்றின் மோட்டார் வேகம் நிலையாக நிற்பதில்லை. இரண்டு சேனல் என்று சொன்னாலும் சிலவற்றில் கிடைப்பது ஒற்றைச் சேனல்தான். பழைய, வேலை செய்கிற, மேசைமேல் வைக்கும் கேசட் டெக் ஒன்று போதும். வாங்குமுன் பெல்ட் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பெல்ட் இறுகும் அல்லது தார் போல உருகி ஒட்டும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை பளபளவென்று கண்ணாடி போல இருந்தால் அது டேப்பைக் கடித்துத் தின்னும். ஹெட்டையும் ரப்பர் உருளையை ஒட்டிச் சுழலும் இரும்புத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் ஒரு துளி போதும். இரண்டு கேசட்டுக்கு ஒருமுறை பஞ்சில் பழுப்பு வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது எல்லோரும் தாண்டிப் போகிற வேலை, ஆனால் ஒலியில் பாதி இதில்தான் இருக்கிறது. ஹெட்டில் மெல்லிய செங்குத்து இடைவெளி ஒன்று உண்டு. அது டேப் ஓடும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கவேண்டும். அப்பாவின் ரெக்கார்டரில் அது கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வோடுதான் பதிவாகியிருக்கும். நேராக நிற்கும் டெக்கில் போட்டால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். ஹெட்டின் இரு பக்கமும் திருகாணி இருக்கும். ஒன்றின் கீழ் ஸ்பிரிங் தெரியும். திருக வேண்டியது அதை மட்டும். அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே எட்டில் ஒரு சுற்று இப்படியும் அப்படியுமாகத் திருகுங்கள். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாகக் கேட்கவேண்டும். அப்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எதை வைத்து முடிவு செய்வது? மத்திய அலை ரேடியோவில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆகவே பாட்டு நல்ல அளவுகோல் அல்ல. அறையில் பாத்திரம் இடிபடும் சத்தம், சாவிக்கொத்து, மைக்குக்குப் பக்கத்தில் பேசியவரின் 'ச', 'ஸ' ஆகியவை கூர்மையாகும் இடமே சரியான இடம். டேப்பின் சொந்த இரைச்சலை நம்பாதீர்கள். அது எங்கே திருகினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே ரெக்கார்டரில் பிடித்த கேசட்டுகளுக்கு ஒரே நிலை பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஏ பக்கமும் பி பக்கமும்கூட மாறலாம் என்பதால் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கவேண்டும். அட்டையில் டால்பி (இரைச்சல் குறைப்பு முறை) குறி இல்லாவிட்டால் டெக்கில் அதை அணைத்தே வையுங்கள்; வீட்டு ரெக்கார்டர்களில் அது அபூர்வம்.

டெக்கின் பின்னால் ஒலி வெளிவரும் 'லைன் அவுட்' துளையிலிருந்து இரண்டு சேனல் யுஎஸ்பி இடைமுகம் (ஒலியைக் கணினிக்கான எண்களாக மாற்றும் சிறு பெட்டி) வழியாகக் கணினிக்கு வரவேண்டும். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம். அது பொதுவாக ஒற்றைச் சேனல், ஒலியும் சீக்கிரம் உடைந்து கரகரக்கும். பதிவு செய்யும் மென்பொருளாக ஆடாசிட்டி இலவசம், போதுமானது. விண்டோஸில் ஒலி மேம்பாடு என்று இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தபட்சமாகச் சொல்வதும் இதுவே. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்; பதிவு பொத்தானை அழுத்தும் 'டக்'தான் பல கேசட்டுகளில் மிகப் பெரிய சத்தம் என்பதை மறக்கவேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி, ஒரு 90 நிமிடக் கேசட்டுக்கு சுமார் 1.6 ஜிபி, நாற்பதுக்கும் சேர்த்து 62 ஜிபி. ஃப்ளாக் என்ற சுருக்கிய கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் ஏறத்தாழப் பாதியாகும். ஒற்றைச் சேனல் பதிவாக இருந்தாலும் இரண்டு சேனலாகவே எடுங்கள்: டேப்பின் ஓரம் சுருங்கியிருந்தால் ஒரு சேனலில் ஒலி விட்டுவிட்டு வரும், மற்றது நன்றாக இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வேகம் சரியா என்பதுதான் நிச்சயமும் சந்தேகமும் கலந்த இடம். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர், பேட்டரி இறங்க இறங்க மெதுவாகப் பதிவு செய்யும். இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் போகப்போக உயர்ந்து கடைசியில் கீச்சிடும். இது பதிவின் குறை, டெக்கின் குறை அல்ல. எவ்வளவு தவறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி, மின்சார முனகல். கரண்டில் ஓடிய வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முனகல் எப்போதும் இருக்கும், அதுவும் பதிவாகியிருக்கும். ஆடாசிட்டியில் அமைதியான இடமாக ஒரு அரை நிமிடத்தைத் தேர்ந்து ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) பாருங்கள், அளவு 65536 என்று வைத்து. முனகல் 104இல் தெரிந்தால் 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது, 3.85 சதவீதம் குறைக்கவேண்டும். வேகம், சுருதி இரண்டையும் சேர்த்து மாற்றும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' (பழைய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட்') மட்டுமே இதற்கு உரியது. இங்கே ஒரு பொறி: உங்கள் டெக்கின் சொந்த முனகல் எப்போதும் 100இல் நிற்கும். பாஸ் போட்டு ஒரு அரை நிமிடம் பதிவு செய்து அது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 100இலும் 104இலும் இரண்டு சிகரம் தெரிந்தால் இரண்டாவதுதான் டேப்பிலிருந்து வருவது. முனகலை வடிகட்டி நீக்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவுகோலையே அழித்தவர் ஆவீர்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. நம் ஊர் மின்சாரம் அந்தக் காலத்தில் 50இல் ஒழுங்காக நிற்கவில்லை. மின்பற்றாக்குறை நேரத்தில் 48 பக்கம்கூட இறங்கும். ஆகவே முனகல் தரும் விடையில் மூன்று நான்கு சதவீதம் தவறு இருக்கலாம், அது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு (கறுப்பையும் சேர்த்து) இடையே உள்ள தூரத்தில் பாதிக்கு மேல். பாட்டை இன்று கிடைக்கும் நல்ல பிரதியோடு வைத்துச் சுருதி ஒப்பிடுவது இரண்டாவது சாட்சி. அதுவும் முழுச் சாட்சி அல்ல, நிலையத்தின் தட்டு சுழன்ற வேகமும் இன்றைய பிரதியின் வேகமும் சற்று மாறியிருக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் மாற்றுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மூலத்தை அப்படியே விட்டு, எவ்வளவு சந்தேகம் என்பதைக் குறிப்பில் எழுதிவையுங்கள். டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் பேட்டரியிலேயே அதிகம் ஓடியதால் முனகலே இல்லாத கேசட்டுகள்தான் அதிகம் வரும். அங்கே பாட்டு ஒப்பீடு ஒன்றே வழி.

தேதி இல்லாத கேசட்டுக்குத் தேதி கண்டுபிடிப்பது இந்த வேலையிலேயே சுவையான பகுதி. உள்ளே வரும் பாட்டுகளில் எது கடைசியாக வெளிவந்ததோ, அதற்கு முன்னால் அந்தப் பதிவு நடந்திருக்க முடியாது, இது நிச்சயம். எவ்வளவு பின்னால் என்பதை அது சொல்லாது. புதுப்பட விளம்பரம் இருந்தால் அதிர்ஷ்டம், சில வாரங்களுக்குள் அடக்கிவிடலாம். செய்தியோ கிரிக்கெட் வர்ணனையோ மாட்டினால் நாளே கிடைக்கும். நிலையப் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஆங்கிலத்தில் சிலோன் 1972இல் ஸ்ரீலங்கா ஆயிற்று, மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. தமிழில் முன்பும் இலங்கைதான், முன்பும் சென்னைதான். 'கூட்டுத்தாபனம்' 1967இலேயே வந்துவிட்டது, எனவே ஸ்பூல் டேப்புக்கு வேண்டுமானால் அது உதவும், கேசட்டுக்கு உதவாது.

அதிகம் பேர் கவனிக்காத தடயம் ஒன்று உண்டு, அறிவிப்பாளர் சொல்லும் அலைவரிசை எண். 1975 ஜெனீவா மாநாட்டு முடிவின்படி நம் பகுதி உட்படப் பல நாடுகளின் மத்திய அலை நிலையங்கள் 1978 நவம்பர் 23 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. எல்லா எண்களும் 9ஆல் வகுபடும்படி அமைந்தன. திருச்சியின் 936ஐ எடுத்துக்கொள்ளுங்கள், இலக்கங்களைக் கூட்டினால் 18, வகுபடும். கேசட்டில் ஒலிக்கும் மத்திய அலை எண் 9ஆல் வகுபடாவிட்டால் அந்தப் பதிவு 1978க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வகுபட்டால் பிந்தையது என்று உடனே துள்ளவேண்டாம்: சென்னையின் 720 பழைய பத்தின் மடங்கிலும் சேரும், ஒன்பதின் மடங்கிலும் சேரும். சிற்றலை எண்களுக்கு இந்தக் கணக்கே செல்லாது.

இரைச்சல் நீக்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நகலில் மட்டும் செய்யுங்கள், 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். ரேடியோவின் கரகரப்பும் இரவில் அலை மங்கி மீள்வதும் அந்தப் பதிவின் பகுதிதான். அதைத் துடைத்துவிட்டு மிஞ்சுவது கடைப் பாட்டுக்குக் கீழான ஒரு பாட்டு. ஸ்பூல் டேப் இரண்டையும் வீட்டில் ஓட்ட முயலவேண்டாம். சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா, புளிக்காடி வாசம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் அது அசிடேட் டேப், சிதைய ஆரம்பித்துவிட்டது. சரியான தட அகலமும் வேகமும் உள்ள இயந்திரம் வைத்திருப்பவரிடம் முதலில் போகவேண்டியது அதுதான். டேப்பை அடுப்பில் சூடாக்குவது பற்றி எங்காவது படித்திருந்தால், அது வேறு வகை டேப்புக்கான வைத்தியம், அசிடேட்டுக்கு விஷம்.

பொதுவில் ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார். இந்தியச் சட்டப்படி ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை, ஒலிபரப்பான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. எனவே ஆகாசவாணி 1980இல் ஒலிபரப்பியதன் மேல் அந்த உரிமை முடிந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் பாட்டின் ஒலிப்பதிவு உரிமை 60 ஆண்டு, அது பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. சொந்தமாகக் கேட்க எடுத்துவைப்பதில் சிக்கல் இல்லை. அறிவிப்பை மட்டும் பகிர்ந்து பாட்டைத் தொடக்கத்திலேயே மங்கச் செய்வது சேகரிப்பாளர்கள் பலர் செய்வது. வீட்டார் குரல் இருக்கும் இடங்களை அவர்களைக் கேட்காமல் ஏற்றவேண்டாம்.

எடுத்து முடித்த கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பரணுக்கும் திருப்பி அனுப்பாதீர்கள்; கூரைக்குக் கீழே வெயில் காலத்தில் ஏறும் சூட்டில் கேசட்டின் ஓடே வளையும். கடைசிவரை ஓட்டிச் சுற்றி, நிற்கவைத்து, கீழ்வீட்டு அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அந்துருண்டை மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. அதன் ஆவி கேசட் பெட்டியின் பிளாஸ்டிக்கை இளக்கும். கோப்புகள் இரண்டு இடத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். ஒவ்வொரு கோப்போடும் அட்டையின் இரு பக்கப் போட்டோ. பிறகு அம்மாவை உட்காரவைத்து ஓட்டிக் காட்டி, பின்னால் கேட்கும் குரல் யாருடையது, எந்த வீடு, எந்த ரேடியோ என்று கேட்டு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது விநாடி என்பதோடு ஒரு எழுத்துக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வேலையை எல்லாக் கேசட்டும் முடியட்டும் என்று தள்ளிவைக்காமல், முதல் கேசட் முடிந்த அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.